கான்ஃபிக்கில் பல ஈமெயில் முகவரிகள்: ஒருவரும் விடுபடாமல் ஸ்கிரிப்ட் மெயில் அனுப்ப முழு வழிகாட்டி

தினமும் இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று, முடிந்ததும் இரண்டு பேருக்கு மெயில் அனுப்ப வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் இரண்டு முகவரிகளையும் நடுவில் கமா போட்டு எழுதியிருந்தார்கள், வந்த மெயிலைத் திறந்தால் பெறுநர் வரியிலும் இரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் மெயில் போய்ச் சேர்ந்தது முதல் ஆளுக்கு மட்டும். அவர் விடுப்பில் போன வாரம் பேக்கப் நின்றுபோனது, இரண்டாவது ஆளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த ஸ்கிரிப்ட் என் கைக்கு வந்தது அப்போதுதான்.

அதற்கப்புறம் புதிதாக ஸ்கிரிப்ட் எழுத வருகிறவர்கள் இதே இடத்தில் வேறு வேறு விதமாகத் தடுக்கி விழுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். 'கமாவில் உடைத்தால் போதும்' என்று நினைத்து ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது, அதையும் வரிசை மாறாமல் செய்யவேண்டும்.

பைத்தானை வைத்தே சொல்கிறேன், மற்ற மொழிகளிலும் சங்கதி இதுதான். எடுத்துக்காட்டு முகவரிகளுக்கு உதாரணம்.பரிட்சை என்ற டொமைனை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2007-ல் பல மொழி டொமைன்களைச் சோதிக்க, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தமிழுக்காக வைத்த பெயர் அது, சோதனை முடிந்தபின் எடுத்துவிட்டார்கள். தெரியாமல் அப்படியே காப்பி செய்து ஓட்டினாலும் யாருடைய பெட்டிக்கும் போய் விழாது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

முதலில், உங்கள் பைத்தான் எந்தப் பதிப்பு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரிகளைப் பிரிக்கும் நூலகச் செயல்பாடுகள் 3.13-ல் கண்டிப்பாகிவிட்டன, அந்தத் திருத்தம் பழைய பதிப்புகளின் பாதுகாப்பு அப்டேட்களிலும் வந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் ஒரு மாதிரியும் சர்வரில் வேறு மாதிரியும் நடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, நிஜமாக மெயில் அனுப்பாத ஒரு சோதனை எஸ்எம்டிபி சர்வர் (எஸ்எம்டிபி என்பது மெயில் அனுப்பும் நெறிமுறை). முன்பு பைத்தானோடு எஸ்எம்டிபிடி என்ற மாட்யூல் கூடவே வந்தது, 3.12-ல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது ஏஐஓஎஸ்எம்டிபிடி என்ற பேக்கேஜைத் தனியாகப் போடவேண்டும். அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடி, வரும் மெயிலை யாருக்கும் அனுப்பாமல் திரையில் காட்டும்.

மூன்றாவது, உங்களுடைய சொந்த முகவரிகள் இரண்டு. ஒரே ஒரு முகவரியை வைத்துச் சோதித்தால் இந்தத் தவறுகளில் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

## 2. கவர் வேறு, கடிதம் வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மேலே சொன்ன பேக்கப் கதையின் விடையும் இங்கேதான் இருக்கிறது.

தபால் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் உள்ளே 'பெறுநர்' என்று ஒரு முகவரி எழுதுகிறோம், கவரின் மேலும் ஒரு முகவரி எழுதுகிறோம். தபால்காரர் பார்ப்பது கவரை மட்டும். ஈமெயிலிலும் அப்படியே. மெயிலைத் திறந்ததும் தெரியும் 'டூ' வரி கடிதத்தின் உள்ளே இருப்பது. அனுப்பும்போது ஸ்கிரிப்ட் சர்வரிடம் 'ஆர்சிபிடி டூ' என்ற கட்டளையால் ஒவ்வொரு பெறுநரையும் தனித்தனியாகச் சொல்லும், அதுதான் கவர். சர்வர் டெலிவரி செய்வது இதை வைத்து மட்டுமே.

ஹெட்டருக்கு, அதாவது உள்ளே இருக்கும் அந்த 'டூ' வரிக்கு, வேண்டியது கமா போட்ட ஒரே ஸ்ட்ரிங், கவருக்கு வேண்டியது ஒவ்வொரு முகவரியும் தனித்தனியாக இருக்கும் லிஸ்ட். புதியவர்கள் கான்ஃபிக்கிலிருந்து வந்த ஸ்ட்ரிங்கை இரண்டு இடத்துக்கும் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். ஹெட்டர் சரியாகிவிடும். கவர் தவறிவிடும்.

பைத்தானின் செண்ட்மெயில் செயல்பாடு ஸ்ட்ரிங் ஒன்று வந்தால் 'ஒரே ஒரு பெறுநர்' என்று எடுத்துக்கொள்ளும். கண்டிப்பாகாத பழைய பதிப்புகளில் அந்த ஸ்ட்ரிங்கிலிருந்து முதல் முகவரியை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு, மீதியைச் சத்தமே இல்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பெறுநர் வரியில் எல்லாப் பெயரும் இருப்பதால் மெயில் கிடைத்தவருக்கும் சந்தேகம் வராது. புதிய பதிப்புகளில் மொத்த ஸ்ட்ரிங்கும் ஒரே முகவரியாகச் சர்வருக்குப் போகும், சர்வர் ஏற்க மறுக்கும். இது எவ்வளவோ பரவாயில்லை, தவறு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

உங்கள் ஸ்கிரிப்டில் நடப்பதை நேரில் பார்க்க, எஸ்எம்டிபி ஆப்ஜெக்ட்டில் டீபக் லெவலை 1 ஆக்கி ஓட்டுங்கள். சர்வரோடு நடக்கும் உரையாடல் முழுவதும் வரி வரியாக வரும். 'ஆர்சிபிடி டூ' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பேக்கப் ஸ்கிரிப்டில் நான் முதலில் செய்தது இதைத்தான். ஹெட்டரில் இரண்டு முகவரி, 'ஆர்சிபிடி டூ' ஒரே வரி. அதற்கு மேல் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

## 3. கான்ஃபிக்கில் எப்படி எழுதவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிரிக்கும் கோடு (நிரல்) எழுதும் முன் இதைத் தீர்மானிக்கவேண்டும். ஏனென்றால் சில வடிவங்களில் உங்கள் கோடுக்கு வந்து சேரும் முன்பே மதிப்பு பாதி வெட்டுப்பட்டுவிடும்.

ஈமெயில் தரத்தின்படி, அதாவது ஆர்எஃப்சி 5322-ன்படி, முகவரிகளைப் பிரிப்பது கமா. செமிகோலனுக்கு அங்கே வேறு வேலை, ஒரு குழுவின் முடிவைக் காட்டுவது. ஆனால் அவுட்லுக்கில் பழகியவர்கள் கை தானாகச் செமிகோலனுக்குப் போகும், அங்கே அதுதான் வழக்கம். அதனால் என் முடிவு இது: 'கமா போடுங்கள், அல்லது வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்' என்று கான்ஃபிக் ஃபைலிலேயே கமெண்டாக எழுதி வைத்துவிடுவது, செமிகோலன் வந்தாலும் கோடு ஏற்றுக்கொள்வது.

ஐஎன்ஐ ஃபைல், அதாவது 'பெயர் = மதிப்பு' என்று வரி வரியாக எழுதும் வடிவம். செமிகோலன் இங்கே ஆபத்து. பல ஐஎன்ஐ வடிவங்களில் அது கமெண்டின் தொடக்கம். பிஎச்பி-யும், ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட்-டின் கான்ஃபிக்கும், மேற்கோளுக்குள் இல்லாத செமிகோலனுக்குப் பின்னால் உள்ளதைக் கமெண்ட் என்று விட்டுவிடும், முதல் முகவரி மட்டும் மிஞ்சும். ஐஎன்ஐ ஃபைலைப் படிக்கும் பைத்தான் 3-ன் கான்ஃபிக்பார்சர், செமிகோலன் வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் கமெண்டாக எடுக்கும், நடுவில் இருந்தால் மதிப்பின் பகுதியாகவே வைத்துக்கொள்ளும். ஆனால் இன்லைன் கமெண்ட் வேண்டும் என்று யாராவது அந்த ஆப்ஷனை மாற்றி வைத்திருந்தால் கதை மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது வரிக்கு ஒன்றாக எழுதுவது:

பெறுநர்கள் =
    கணக்கு@உதாரணம்.பரிட்சை
    கிடங்கு@உதாரணம்.பரிட்சை
    # மேலாளர்@உதாரணம்.பரிட்சை

உள்தள்ளல் கட்டாயம். அதை மறந்து வரியை ஓரத்தில் ஒட்டி எழுதினால் கான்ஃபிக்பார்சர் பிழை காட்டி நின்றுவிடும். வரிக்கு ஒன்றாக இருந்தால், ஒருவரைத் தற்காலிகமாக நிறுத்த முன்னால் ஒரு ஹேஷ் போட்டால் போதும். கிட்-டில் பார்க்கும்போதும் யாரை எப்போது சேர்த்தார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும். நீளமான ஒற்றை வரியில் பதினோராவது முகவரி மாறியதைக் கண்டுபிடிக்க முயன்று பாருங்கள், நான் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மெயில் சர்வரின் பாஸ்வேர்டும் அதே ஃபைலில் இருந்து, அதில் சதவீதக் குறி இருந்தால், கான்ஃபிக்பார்சர் அதை வேறு மதிப்பைச் செருகும் குறியாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். முகவரி பிரிப்பதில்தான் கோளாறு என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள். இப்படி மதிப்பைச் செருகும் வசதியான இன்டர்போலேஷனை அணைத்துவிடுங்கள், தீர்ந்தது.

யாமல், இன்னொரு கான்ஃபிக் வடிவம். இதில் உண்மையான லிஸ்ட்டே எழுதலாம். ஆனால் ஒரே முகவரிதானே என்று ஒருவர் முன்னால் ஹைஃபன் (-) போடாமல் நேராக எழுதிவிடுவார், அப்போது உங்களுக்கு வருவது ஸ்ட்ரிங். அதை லிஸ்ட் என்று நம்பி லூப் ஓட்டினால் எழுத்து எழுத்தாக உடையும், 'க', 'ண' என்று ஒவ்வொன்றுக்கும் மெயில் அனுப்பப் பார்க்கும். இன்னொருவர் லிஸ்ட்டின் ஒரே உருப்படிக்குள் கமா போட்டு இரண்டு முகவரி எழுதுவார். இரண்டையும் சமாளிக்கும் வழி அடுத்த படியில் வருகிறது.

என்விரான்மென்ட் வேரியபிள். அதை எழுதிய ஃபைலை ஷெல் படிப்பதாக இருந்தால் மேற்கோள் இல்லாத செமிகோலன் அந்தக் கட்டளையையே முடித்துவிடும், < > குறிகள் ஃபைலுக்குத் திருப்பும் குறிகளாகிவிடும். கமா, இடைவெளி இல்லாமல், சுற்றிலும் மேற்கோள். இங்கே வேறு வழிகளை யோசிக்கவே வேண்டாம். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் கிரானின் 'மெயில்டூ' வரிக்கும் கமாதான் பிரிப்பான்.

## 4. படித்த இடத்திலேயே லிஸ்ட் ஆக்கிவிடுங்கள்

கான்ஃபிக்கைப் படிக்கும் இடத்தில் ஒரே ஒரு செயல்பாடு. உள்ளே என்ன வந்தாலும் சரி, ஸ்ட்ரிங்கோ, லிஸ்ட்டோ, எதுவுமே இல்லையோ, வெளியே வருவது எப்போதும் சுத்தமான முகவரி லிஸ்ட். அதற்குப் பிறகு ஸ்கிரிப்டில் எங்கேயும் கமாவைப் பற்றிய பேச்சே இருக்கக்கூடாது.

காரணம் சொல்கிறேன். பெறுநர்கள் என்ற பெயரில் ஓரிடத்தில் ஸ்ட்ரிங்கும் வேறோரிடத்தில் லிஸ்ட்டும் உலவினால், ஆறு மாதம் கழித்து நீங்களே குழம்புவீர்கள். ஹெட்டர் எழுதும் இடத்தில் ஒருவர் லிஸ்ட் என்று நம்பிக் கமாவால் இணைப்பார், வந்திருப்பது ஸ்ட்ரிங்காக இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு கமா விழும். 'க, ண, க' என்று பெறுநர் வரி கிடக்கும் மெயிலை நான் பார்த்திருக்கிறேன்.

செயல்பாட்டின் உள்ளே வரிசை இப்படி இருக்கட்டும். வந்தது ஸ்ட்ரிங்காக இருந்தால் அதை ஒற்றை உருப்படி கொண்ட லிஸ்ட்டாக்குங்கள். பிறகு லிஸ்ட்டின் ஒவ்வொரு உருப்படியையும் பிரிக்கும் வேலைக்கு அனுப்புங்கள், கிடைப்பதை எல்லாம் ஒரே லிஸ்ட்டில் சேருங்கள். யாமலில் ஒரே உருப்படிக்குள் கமா போட்டவரும் இதில் பிழைத்துக்கொள்வார்.

## 5. பிரித்தல்: பெயர்கள் உண்டா இல்லையா

கான்ஃபிக்கில் வெறும் முகவரிகள் மட்டுமா, அல்லது ஆள் பெயரும் கூட வருமா? இதற்குப் பதில் சொல்லாமல் கோடு எழுத ஆரம்பித்தால் பாதியில் திரும்பி வரவேண்டியிருக்கும்.

வெறும் முகவரி மட்டும் என்றால் வேலை சுலபம். கமா, செமிகோலன், புதுவரி மூன்றையும் பிரிப்பானாகக் கொண்ட ஒரு ரெகெக்ஸால் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் கோவை) உடையுங்கள், ஒவ்வொரு துண்டின் ஓரங்களையும் துடையுங்கள், வெற்றுத் துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். இடைவெளியை மட்டும் பிரிப்பானாக வைக்காதீர்கள். யாரோ கமா போட மறந்து இரண்டு முகவரியைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தால் அது தவறு என்று தெரிந்து திருத்தப்படுவதுதான் நல்லது.

பெயரும் வரும் என்றால் சாதாரண ஸ்பிளிட் உதவாது. இதைப் பாருங்கள்:

"கிடங்கு, 2-ம் தளம்" <கிடங்கு@உதாரணம்.பரிட்சை>, கணக்கு@உதாரணம்.பரிட்சை

முகவரிகள் இரண்டுதான், கமாவும் இரண்டு. ஸ்பிளிட் செய்தால் மூன்று துண்டு வரும், முதல் துண்டு பாதிப் பெயரும் ஒரு மேற்கோளுமாகத் தொங்கும். இதற்கென்றே பைத்தானின் ஈமெயில் நூலகத்தில் கெட்அட்ரஸஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் கமாவை விட்டுவிட்டு, பெயர், முகவரி என்று ஜோடி ஜோடியாகத் தரும்.

அதிலும் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

அது எதிர்பார்ப்பது ஸ்ட்ரிங்குகளின் லிஸ்ட். ஒற்றை ஸ்ட்ரிங்கை நேராகக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிய்த்துவிடும், முதலில் ஒரு லிஸ்ட்டுக்குள் போட்டுக் கொடுங்கள்.

செமிகோலனை அது பிரிப்பானாக மதிக்காது. பழைய பதிப்பில் இடையில் ஒரு வெற்று ஜோடி வரும், கண்டிப்பான பதிப்பில் மொத்தமும் சேர்ந்து ஒரே வெற்று ஜோடியாகிவிடும். கடைசியில் ஒரு கமா தொங்கினாலும் கண்டிப்பான பதிப்பில் இதே கதி நேரலாம், அதனால் ஓரத்துக் கமாக்களையும் இடைவெளிகளையும் முதலில் துடைத்துவிட்டுக் கொடுங்கள். வெற்று ஜோடி வந்தால் 'யாரும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளாமல் 'எழுதியது தவறு' என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, மேற்கோள் போடாமல் பெயருக்குள் கமா எழுதியிருந்தால் கெட்அட்ரஸஸாலும் காப்பாற்ற முடியாது. 'கிடங்கு' என்ற சொல் தனியாக ஒரு முகவரியாக வந்து நிற்கும். இதை 7-ம் படியில் பிடிப்போம்.

என்னைக் கேட்டால், ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்குப் பெயர்கள் தேவையே இல்லை. எச்சரிக்கை மெயிலில் 'கிடங்கு, 2-ம் தளம்' என்று அழகாகத் தெரிவதால் யாருக்கும் லாபமில்லை, அந்த அழகுக்காக இத்தனை சிக்கலையும் சுமக்கிறோம். வெறும் முகவரி மட்டும் என்று விதி வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களுக்குப் போகும் மெயில் என்றால் மட்டும் பெயர்களை ஏற்றுக்கொள்ளுங்கள், அப்போது செமிகோலனைக் கைவிட்டு கமாவோடு நின்றுவிடுங்கள்.

## 6. சுத்தம் செய்தல்

இங்கே மூன்று வேலைகள்.

வெற்றுத் துண்டுகள். வெற்று ஸ்ட்ரிங்கைக் கமாவில் உடைத்தால் பைத்தான் வெற்று லிஸ்ட் தராது, வெற்று ஸ்ட்ரிங் ஒன்று உள்ள லிஸ்ட் தரும். 'லிஸ்ட்டில் ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கும் கோடு 'இருக்கிறது' என்று சொல்லிவிடும், மெயில் பேரில்லாத ஆளுக்குப் போகப் பார்க்கும். துடைத்தபின் ஒன்றுமில்லாத துண்டுகளைக் கட்டாயம் நீக்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். ஒருமுறை ஒரு முகவரி மட்டும் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது, திரையில் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அழித்துவிட்டுக் கையால் தட்டினேன், மெயில் போய்விட்டது. சாட்டிலிருந்து காப்பி செய்து ஒட்டியதில் கடைசியில் ஜீரோ விட்த் ஸ்பேஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பைத்தானின் ஸ்ட்ரிப், பிரியாத இடைவெளியைக் கூட நீக்கிவிடும், ஆனால் ஜீரோ விட்த் ஸ்பேஸை நீக்காது, அது இடைவெளி வகையிலேயே வராது. ஃபைலின் தொடக்கத்தில் வரும் பிஓஎம் குறியும் அப்படித்தான். இவற்றைத் தனியாகச் சொல்லி நீக்கவேண்டும். லாகில் முகவரியை எழுதும்போது ரெப்ர் வடிவில் எழுதுங்கள், மறைந்திருக்கும் எழுத்து அங்கே குறியீடாக வெளியே வந்துவிடும்.

இரட்டிப்புகள். ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்குங்கள், ஆனால் வரிசை மாறக்கூடாது. செட்டில் போட்டால் வரிசை கலைந்துவிடும், அதனால் டிக்ஷனரியின் கீயாகப் போட்டு எடுங்கள். ஒப்பிடும்போது எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடலாம், அனுப்பும்போது எழுதியவர் எழுதியபடியே அனுப்புங்கள். டொமைனில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதமில்லை, ஆனால் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் பேதம் உண்டு என்றுதான் தரம் சொல்கிறது.

## 7. சரிபார்த்தல், தவறைச் சொல்லும் விதம்

இணையத்தில் கிடைக்கும் மூன்று வரி நீள ரெகெக்ஸைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். கூட்டல் குறி உள்ள முகவரி, ஒற்றை மேற்கோள் உள்ள முகவரி என்று செல்லுபடியாகிறவற்றையே அது தள்ளிவிடும். ஒரு முகவரி உண்மையில் இருக்கிறதா என்று பெறும் சர்வருக்குத்தான் தெரியும். நாம் பிடிக்கவேண்டியது எழுதும்போது நேர்ந்த பிழைகளை மட்டும்.

@ ஒன்றே ஒன்று இருக்கிறதா, அதன் இரு பக்கமும் ஏதாவது இருக்கிறதா, உள்ளே இடைவெளியோ புதுவரியோ இல்லையா, டொமைனில் ஒரு புள்ளியாவது இருக்கிறதா, மொத்த நீளம் 254-க்குள் இருக்கிறதா. போதும். உள் சர்வருக்கே அனுப்பும் ஸ்கிரிப்ட் என்றால் டொமைனில் புள்ளி வேண்டும் என்ற விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். புதுவரியை மட்டும் எந்தச் சூழலிலும் விடாதீர்கள், அதன் வழியாக ஹெட்டருக்குள் வேறு வரிகளைச் செருகிவிட முடியும்.

தமிழ் எழுத்திலேயே இருக்கும் முகவரிகளும் இப்போது செல்லும், 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6531 அதற்கு வழி செய்திருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பும் சர்வர் எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற வசதியைத் தருவதாகச் சொல்லவேண்டும், இல்லையென்றால் பைத்தான் பிழை எழுப்பும். அப்படிப்பட்ட முகவரிகளை ஏற்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

சரி, தவறு ஒன்று கிடைத்துவிட்டது, என்ன செய்வது? பலரும் உடனே ஸ்கிரிப்டை நிறுத்திவிடுகிறார்கள். பேக்கப் ஸ்கிரிப்டை யோசித்துப் பாருங்கள், ஐந்து முகவரியில் ஒன்றில் புள்ளி விட்டுப்போனதற்காக அன்றைய பேக்கப்பே நடக்காமல் போகலாமா? கூடாது. அப்படியென்றால் தவறான முகவரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது, நாம் எந்த வியாதிக்கு மருந்து தேடி வந்தோமோ அதுதான் அது.

நான் செய்வது இது. கான்ஃபிக்கை மட்டும் சோதித்துவிட்டு வெளியேறும் ஒரு தனி ஆப்ஷன் வைக்கிறேன். கான்ஃபிக்கை மாற்றியவர் உடனே அதை ஓட்டவேண்டும், அங்கே ஒரு சின்னத் தவறுக்கும் மன்னிப்பு கிடையாது. இரவில் நிஜமாக ஓடும்போது வேலை நடக்கும், நல்ல முகவரிகளுக்கு மெயில் போகும், அந்த மெயிலின் முதல் வரியிலேயே 'இந்த முகவரி சரியில்லை' என்று இருக்கும், ஸ்கிரிப்ட், தவறு நடந்ததைக் காட்டும் பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடோடு முடியும்.

செய்தியில் ஃபைல் பெயர், ஆப்ஷன் பெயர், வந்த மதிப்பு மூன்றும் வரவேண்டும். 'முகவரி தவறு' என்று மட்டும் சொன்னால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பவர் எதைத் திறப்பார்?

லிஸ்ட் முழுவதும் காலியாக இருந்தால் அது பிழை. யாருக்கும் மெயில் வேண்டாம் என்று விரும்புகிறவருக்கு 'மெயில் = வேண்டாம்' என்று தனி ஆப்ஷன் கொடுங்கள். மறந்து விட்டதையும் வேண்டாம் என்று சொன்னதையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டால் ஒருநாள் அடிபடுவோம்.

## 8. கட்டளை வரியில் கொடுத்தால் எது ஜெயிக்கும்

கட்டளை வரியில் பெறுநரைக் கொடுத்தால் கான்ஃபிக்கில் இருப்பது முழுவதுமாக விலகிக்கொள்ளட்டும், இரண்டையும் கூட்டாதீர்கள். சோதனைக்காக என் முகவரியை மட்டும் கொடுத்து ஓட்டும்போது கான்ஃபிக்கில் உள்ள பத்துப் பேருக்கும் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று மெயில் போனால் யாருக்குச் சங்கடம்?

கட்டளை வரியைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸில் இரண்டு பொறிகள். ஒரே ஆப்ஷனைப் பலமுறை கொடுக்க வைக்கும் அப்பெண்ட் முறையில், டீஃபால்ட்டாக ஒரு லிஸ்ட் வைத்தால், பயனர் கொடுப்பது அதை மாற்றாது, அதோடு சேர்ந்துவிடும். டீஃபால்ட்டை நன் (மதிப்பு எதுவும் இல்லை) என்று வைத்துவிட்டு, பின்னால் கான்ஃபிக் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆப்ஷனுக்குப் பல மதிப்பு வாங்கும் கூட்டல்குறி முறையோ, அதை அடுத்து வரும் ஃபைல் பெயரையும் முகவரி என்று விழுங்கிவிடும். நான் அப்பெண்ட் முறையைத்தான் வைக்கிறேன், வரும் ஒவ்வொரு மதிப்பும் 4-ம் படியின் அதே செயல்பாட்டுக்குள் போகும், அதனால் ஒரே மதிப்பில் கமா போட்டுக் கொடுத்தாலும் ஓடும்.

## 9. அனுப்புதல்

இப்போது கையில் சுத்தமான லிஸ்ட் இருக்கிறது. ஹெட்டருக்கு, கமாவும் ஒரு இடைவெளியும் வைத்து இணைத்த ஸ்ட்ரிங். கவருக்கு, அதே லிஸ்ட் அப்படியே. செண்ட்மெயிலுக்குப் பதிலாக செண்ட்_மெசேஜ் பயன்படுத்தினால் டூ, சிசி, பிசிசி ஹெட்டர்களிலிருந்து அதுவே பெறுநர்களை எடுத்துக்கொள்ளும், பிசிசி வரியை அனுப்பும் முன் நீக்கியும்விடும். புதிய ஸ்கிரிப்ட் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். செண்ட்மெயிலோடுதான் போகவேண்டும் என்றால் பிசிசி முகவரிகளைக் கவர் லிஸ்ட்டில் மட்டும் சேருங்கள், ஹெட்டரில் எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம், பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவது இது. மூன்று பெறுநர்களில் ஒருவரைச் சர்வர் நிராகரித்தால் செண்ட்மெயில் பிழை எழுப்பாது. எல்லோரையும் நிராகரித்தால்தான் எழுப்பும். ஒருவர் ஏற்கப்பட்டாலும் போதும், வெற்றி என்று திரும்பிவிடும், நிராகரிக்கப்பட்டவர்களை ஒரு டிக்ஷனரியில் போட்டுத் திருப்பித் தரும். அந்த டிக்ஷனரியை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. வாங்குங்கள், காலியாக இல்லாவிட்டால் ஒவ்வொரு முகவரியையும் சர்வர் சொன்ன எண்ணோடு லாகில் எழுதுங்கள். 550 என்றால் பெரும்பாலும் அந்தப் பெட்டியே இல்லை, திரும்ப முயன்று பயனில்லை. 4-ல் தொடங்கும் எண்கள் தற்காலிகம், கொஞ்சம் பொறுத்து அவர்களுக்கு மட்டும் மறுபடி அனுப்பலாம்.

ஏற்றுக்கொண்டது என்பதும் போய்ச் சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. உங்கள் சர்வர் வாங்கிக்கொண்டபின் அடுத்த சர்வர் மறுத்தால் 'சேரவில்லை' என்று சொல்லும் பவுன்ஸ் மெயில் அனுப்புநர் முகவரிக்கு வரும். அதனால் அனுப்புநராக யாரும் திறந்து பார்க்காத பெட்டியை வைக்காதீர்கள்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. ஒரு மெயிலுக்குக் குறைந்தது 100 பெறுநர்களை எந்த சர்வரும் ஏற்கவேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. அதற்கு மேல் போனால் 452 என்று மறுக்கலாம். சின்ன ஸ்கிரிப்டுக்கு இது எட்டாத எல்லை, அவ்வளவு பேர் இருந்தால் கான்ஃபிக்கில் எழுதாமல் மெயிலிங் லிஸ்ட் முகவரி ஒன்றை உருவாக்கி அதை மட்டும் எழுதுங்கள்.

## 10. இந்த மதிப்புகளைக் கொடுத்துச் சோதியுங்கள்

4-ம் படியில் எழுதிய செயல்பாட்டுக்கு ஒரு சின்ன டெஸ்ட் ஃபைல் எழுதுங்கள், அரை மணி நேர வேலை. நான் எப்போதும் கொடுத்துப் பார்ப்பவை இவை:

- ஒரே முகவரி, ஸ்ட்ரிங்காக. அதே முகவரி, லிஸ்ட்டாக
- கமா போட்ட இரண்டு, நடுவில் இடைவெளி உள்ளதும் இல்லாததும்
- செமிகோலன் போட்ட இரண்டு
- கடைசியில் கமா தொங்குவது, நடுவில் இரண்டு கமா அடுத்தடுத்து வருவது
- வரிக்கு ஒன்று, நடுவில் ஒரு வெற்று வரி
- கமா மறந்து இடைவெளி மட்டும் (இது பிழை என்று வரவேண்டும்)
- வெற்று ஸ்ட்ரிங், இடைவெளி மட்டும் உள்ள ஸ்ட்ரிங், வெறும் கமா (மூன்றும் பிழை)
- கடைசியில் ஜீரோ விட்த் ஸ்பேஸ் ஒட்டிய முகவரி
- ஒரே முகவரி இரண்டு முறை, ஒன்றில் பெரிய எழுத்து
- பெயர்களை ஏற்பதாக இருந்தால், மேற்கோளுக்குள் கமா உள்ள பெயர்

இது எல்லாம் தேறியபின் சோதனை எஸ்எம்டிபி சர்வரை ஓடவிட்டு, இரண்டு பெறுநரோடு ஒருமுறை முழு ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள், 'ஆர்சிபிடி டூ' இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக நிஜ சர்வர் வழியாக உங்கள் சொந்த முகவரிகள் இரண்டுக்கும் அனுப்புங்கள். இரண்டாவது பெட்டியை முதலில் திறந்து பாருங்கள், முதல் பெட்டிக்கு எப்படியும் வந்திருக்கும்.